தலைக்கு எட்டு வெள்ளி

14 செப்டம்பர் 1957, சனி.
இன்று ஒரு சிறு பிழையைக் கண்டுபிடித்தேன். பிழை என்னுடையது. போன சனிக்கிழமை போட்டோ கடைச் சீட்டில் 'தலைகள்' என்ற இடத்தில் நான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படத்தில் இருப்பது ஐந்து பேர். அண்ணன் சொல்லித்தான் எழுதினேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். எண்ணிப் பார்க்க எனக்கும் கண் இருந்தது.

இதை எழுதி முடித்து மையை ஒற்றி எடுத்த பிறகும் சந்திரமதிக்கு மனம் ஆறவில்லை. பகலில் புத்தகக் கடையில் கட்டுக்குக் கட்டு எண்ணி அடுக்குகிறவள் அவள். மாலை வகுப்பில் இங்கிலீஷ் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வாத்தியாரிடம் நீட்டுவாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு ஆட்களை எண்ணுவதில் கோட்டை விட்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான். 1938இல், அவர்கள் அப்போது இருந்த ரப்பர் தோட்டத்துக்கு ஒரு படக்காரர் முக்காலியும் பெட்டியுமாக வந்தபோது எடுத்தது. நடுவில் நாற்காலியில் அப்பா மருதமுத்து. வலப்புறம் அவருடைய மூத்த மனைவி அஞ்சலை, அவள் முழங்காலை ஒட்டி அவள் மகன் பொன்னுதுரை, ஒன்பது வயது. இடப்புறம் இளைய மனைவி ருக்மணி. ருக்மணியின் மடியில் அவள் மகள் சந்திரமதி. பத்து மாதக் குழந்தை, மொட்டை அடித்துக் காது குத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் மருதமுத்துவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. மறு வருஷம் அஞ்சலை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ருக்மணி இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு நடந்து வந்து, காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து, பக்கத்துத் தோபிக் கடைக்குத் துணி தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை அவள் கீழே வைக்கவில்லை. பொன்னுதுரையின் பள்ளிக்கூடச் சம்பளம், ஆபீஸ் குமாஸ்தா ஆக எழுதிய கிராணிப் பரீட்சைக்குக் கட்டிய பணம், அவன் ஆபீசுக்குக் காலில் போட்டுக்கொண்டு போன முதல் சப்பாத்து, எல்லாம் அந்தப் பெட்டியின் சூட்டில் வந்தவை.

நாடு சுதந்திரம் அடையப் போகிறது என்றதுமே வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கினார்கள். ஒருவர் இடத்துக்கு ஒருவர், அவர் இடத்துக்கு இன்னொருவர் என்று எல்லாரும் ஒரு படி ஏற, பொன்னுதுரையும் பெரிய கிராணி ஆனான். புக்கிட் பாருவில் அரசாங்கக் கோட்டர்ஸ் கிடைத்தது. முன் ஹாலில் மாட்டப் படம் வேண்டும் என்றான். வீட்டுப் படமோ கூரை ஒழுகி, சட்டத்துக்குள்ளேயே நனைந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெற்றி, அஞ்சலையின் கன்னம், பிள்ளைகள் இருவர் முகம் எல்லாவற்றிலும் பூசணம் ஏறிவிட்டது. ருக்மணியின் முகம் ஒன்றுதான் தப்பியிருந்தது.

ஜாலான் துக்காங் எமாஸ் சாலைக்குப் பின் தெருவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், போட்டோ கடை. பழைய படத்தைப் பெரிதாக்கிச் சரி செய்து கொடுக்க அங்கே தலைக்கு எட்டு வெள்ளி. படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சந்திரமதிக்கு வந்தது.

"நாலு தலன்னு எழுது," என்று பொன்னுதுரை சொல்லியிருந்தான்.

"கொழந்தையோட அஞ்சு வருமே, அண்ணே."

"மொட்டத் தலைக்கு என்ன காசு? வரையறதுக்கு முடியா இருக்கு?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு நாலு என்று எழுதினாள். சீட்டில் அண்ணன் பெயர், பணமும் அண்ணனுடையது, கடையில் தந்த ரசீதுச் சீட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் கவலை வந்தது. நாலு தலைக்குத்தான் காசு என்றால் ஐந்தாவது தலையை அவர்கள் பூசணத்தோடு அப்படியே விட்டுவிட மாட்டார்களா? விடப்போவது தன்னுடைய தலையைத்தான் என்று அவள் நினைத்தாள். தன் தலைக்காக இவ்வளவு கவலைப்படுவதும் அல்பமாகப் பட்டது. இரண்டு நாள் இப்படியும் அப்படியுமாகப் புரண்டுவிட்டு, திங்கட்கிழமை வேலை விட்டதும், அகராதி வாங்கச் சேர்த்து வைத்திருந்த எட்டு வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் கடை வாசலில் மழையில் சாயம் போய்த் தொங்கின. உள்ளே தவுக்கே ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கியபடி யாருடைய மூக்கையோ வரைந்துகொண்டிருந்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். அவர் வாயில் அவள் 'அடேக்', தங்கை; அவள் அண்ணன் 'அபாங்'.

"தவுக்கே, நான் ஒரு தலை குறைத்து எழுதிவிட்டேன். இந்தாருங்கள், எட்டு வெள்ளி."

தவுக்கே பேரேட்டைப் புரட்டினார். "குறைவில்லை, அடேக். கணக்கு சரி. நாலு தலை சரி பண்ண முப்பத்திரண்டு. ஒரு தலை எடுக்கப் பத்து. கோட்டுக்கு மூன்று. உன் அபாங் பிறகு வந்து எல்லாம் கட்டிவிட்டார்."

"எடுக்க என்றால்?"

"எடுக்கத்தான். சரி பண்ணுவது சுலபம், இருப்பதைப் பார்த்து வரையலாம். எடுப்பதுதான் கஷ்டம். ஆள் போன இடம் சும்மா இருக்குமா? திரை போடணும், மேசை போடணும், பூச்சாடி வைக்கணும். அதனால்தான் பத்து."

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்று கண்டு, அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து விரித்தார். படத்தின் மேல் வைத்து, எங்கே என்ன செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் தாள். ஐந்து பேரின் உருவங்களும் பென்சிலில் கோடாகத் தெரிந்தன. அப்பாவின் கழுத்தில் 'கோட், டை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அஞ்சலையின் காதில் 'தோடு'. குழந்தையிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி அஞ்சலையின் மடிக்குப் போயிற்று. ருக்மணியின் முகத்தின் மேல், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நீலப் பென்சிலில் பெருக்கல் குறி. பக்கத்தில் இங்கிலீஷில் 'நீக்கவும்.' கையெழுத்து பொன்னுதுரையுடையது. ஆபீஸ் பேரேட்டில் எழுதுவதுபோல, கோடு விலகாமல், அழகாக எழுதியிருந்தான்.

அந்த இங்கிலீஷ் வார்த்தையை வகுப்பில் படித்து மூன்று மாதம்தான் ஆகிறது. படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கே ஆச்சரியம்," என்றார் தவுக்கே. "பூசணம் ஏறாத முகம் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் வேலை மிச்சமாச்சே என்று கேட்டேன். எடு என்று சொல்லிவிட்டார்."

"வேலை முடிந்துவிட்டதா?"

முடிந்துவிட்டது. அவர் பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டறியாத அப்பா கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை சீனப் பொம்மைபோல வெளுத்து, காதில் தோடு மின்னச் சிரித்தாள். அவள் மடியில் சந்திரமதி. ருக்மணி இருந்த இடத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி, சாடியில் மூன்று ரோஜாப்பூ.

சந்திரமதி படத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். குழந்தையின் இடுப்பில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. அஞ்சலையின் வலக்கை மகன் தோளில் இருந்தது, இடக்கை அவள் முழங்காலில் இருந்தது. இந்த விரல்கள் கறுப்பாக, முட்டி பெருத்து, குழந்தை நழுவிவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தன.

"இது யாருடைய கை?"

தவுக்கே கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தார். "அலாமாக்!" என்று தன் தொடையில் தட்டிக்கொண்டார். "குழந்தையைத் தூக்கி இந்த மடிக்கு மாற்றியபோது கையும் கூடவே வந்துவிட்டது. அபாங்கும் கவனிக்கவில்லையே! நல்லவேளை, நீ பார்த்தாய். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன். இதற்குக் காசு வேண்டாம்."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, மேசையைக் கவிழ்க்க வேண்டுமா என்று தெரியாமல் அவள் நின்றாள்.

"பழைய படம் எங்கே?"

அதைக் கண்ணாடியிலிருந்து கழற்றத் தண்ணீரில் ஊறவைத்ததாகவும், தோல் உரிவதுபோல உரிந்து போய்விட்டதாகவும், அபாங் பரவாயில்லை என்று சொல்லிவிட்டதாகவும் தவுக்கே சொன்னார். ஆனால் ஊறவைப்பதற்கு முன்பே கண்ணாடியோடு வைத்து இரண்டு நெகடிவ் எடுத்திருந்தார். ஒன்றில்தான் கத்தியால் சுரண்டி வேலை செய்தது. மற்றது கைபடாமல் இருந்தது. அலமாரியிலிருந்து அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறிக் கிடந்த அதில் ஐந்து பேரும் இருந்தார்கள்.

"இதை எனக்குக் கொடுங்கள். எட்டு வெள்ளி இருக்கிறது."

"சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நாளைக்கு உன் அபாங் வந்து கேட்டால் நான் என்ன சொல்ல? சீட்டைக் கொண்டு வா, காசுகூட வேண்டாம்."

அன்று வகுப்புக்கு அவள் போகவில்லை. அண்ணனிடம் முதலில் இதைக் கேட்க வேண்டும், இரண்டாவது இதை, மூன்றாவது சீட்டை என்று வழி நெடுக மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது என்றும் முடிவு செய்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது பொன்னுதுரை பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ருக்மணி மேசையோரம் நின்று மறுநாள் ஆபீசுக்கான அவனுடைய வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை நீவி நீவித் தேய்த்த அந்தக் கையைப் பார்த்ததும் சந்திரமதிக்கு வரிசை எல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணே, தவுக்கே கடைக்குப் போயிட்டு வர்றேன்."

"எதுக்கு? வெள்ளிக்கெழம நான்தான் எடுக்கப் போறேன்ல."

"ஒரு தல கொறஞ்சு போச்சேன்னு காசு கட்டப் போனேன். கொறயலயாம். சரி பண்றதுக்கு எட்டு, எடுக்கறதுக்குப் பத்தாம்."

பொன்னுதுரையின் கை சோற்றில் நின்றது. "மெதுவாப் பேசு லா. பலகச் சுவரு."

"எதுக்கு மெதுவா? யாருக்குக் கேக்கக் கூடாது? பக்கத்து வீட்டுக்கா, அம்மாவுக்கா?"

"என்னத்த எடுக்கறதுக்கு?" என்றாள் ருக்மணி, பெட்டியை நிறுத்தாமல்.

"உன்னத்தாம்மா. படத்துலேருந்து உன்ன எடுத்தாச்சு. உன் எடத்துல பூச்சாடி இருக்கு. நான் பெரியம்மா மடியில ஒக்காந்திருக்கேன்."

பெட்டி நின்றது. துணி கருகிவிடப் போகிறது என்று சந்திரமதி நினைப்பதற்குள் ருக்மணி அதைத் தூக்கித் தாங்கியில் வைத்தாள்.

"சொல்ற விதத்தப் பாரு!" பொன்னுதுரை எழுந்து கையைக் கழுவினான். "சின்னம்மா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டர்ஸுக்குப் பெரிய ஆளுங்க வருவாங்க, போவாங்க. அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் ஒக்காந்திருந்தா என்ன நெனைப்பாங்க? நாளைக்கு இவளுக்கு மாப்பிள பாக்கணும். எங்கம்மாவுக்குப் பொறந்தவன்னு இருந்தா ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க மாட்டான். இவளுக்காகவும்தான் செஞ்சேன்."

"என்னக் கேட்டீங்களா?" என்றாள் சந்திரமதி. "மொட்டத் தலைக்குக் காசு இல்லன்னு சிரிக்க வச்சு, என் கையாலயே எழுத வச்சிட்டீங்க. ரெண்டு நாளா என் தப்புன்னு நெனைச்சிட்டு இருந்தேன். வீட்டுக்கு வர்றவங்க அம்மாவப் பாத்து இது யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வீட்டோட இருக்கறவங்கன்னு சொல்றது."

"சமையல்காரின்னா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படி? இங்கிலீசுல சொல்லுங்க, நானும் படிக்கறேன்."

"படிக்க வச்சா இப்படித்தான் வாய் நீளும்," என்றான் அவன். பிறகு ருக்மணியிடம் குரலைத் தாழ்த்தினான். "உங்கள விட்டுட்டுப் போறேன்னா சொன்னேன்? கோட்டர்ஸுல பின்னால தனி ரூம் இருக்கு. உங்களுக்குன்னே சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"பின்னாலயா?" என்றாள் ருக்மணி. "முன்னால ரூம் இல்லியா?"

அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"பத்து வெள்ளி," என்றாள் அவள். ஏதோ சந்தையில் விலை கேட்டவள் போலிருந்தது குரல். "ஒரு சட்ட தேச்சா அஞ்சு காசு. இருநூறு சட்ட தேச்சா என்னைய அழிச்சிப்புடலாம். ஏன் துரை, உன் சட்டைய எத்தன தேச்சிருப்பேன்? அதுக்கெல்லாம் காசு வாங்கியிருந்தா என்னைய எத்தன வாட்டி அழிச்சிருக்கலாம்?"

"சின்னம்மா, சத்தம் போடாதீங்க."

"போடுவேன். வாடகையில பாதி என்னோடது. இந்தப் பலகச் சுவருலயும் பாதி என்னோடதுதான்."

சுவருக்கு அப்பால் யாரோ இருமிக்கொண்டார்கள். அந்த இருமல்தான் பொன்னுதுரையைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். "உங்கள எங்கப்பா கோயில்ல வச்சா கட்டுனாரு?" என்று கேட்டுவிட்டான்.

கேட்ட பிறகு அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. சந்திரமதி அம்மாவின் பக்கம் பார்க்கப் பயந்தாள்.

ருக்மணி பெட்டியின் மூடியைத் திறந்து, கனிந்த கரியை அப்படியே வாளித் தண்ணீரில் கொட்டினாள். உஸ்ஸென்று புகை எழும்பிற்று. பாதி தேய்த்த சட்டையைச் சுருட்டி அவன் பக்கமாக நீட்டினாள்.

"அத உங்கம்மாவக் கேட்டிருக்கணும். உனக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் தங்கல. அவதான் என் லயத்து வீட்டுக்கு வந்து என்னையக் கூட்டியாந்தா. அவ கையாலதான் மஞ்சக் கயிறு எடுத்துக் குடுத்தா. படம் எடுத்த அன்னிக்கு நான் ஓரமா நின்னுக்கறேன்னேன். நீ நிக்காதடி, ஒக்காருன்னு இழுத்து ஒக்கார வச்சவ உங்கம்மா. அவ ஒக்கார வச்ச எடத்துல நீ பூச்சாடி வக்கறே."

அவன் சட்டையை வாங்கவில்லை. அது தரையில் விழுந்தது.

இங்கேதான் சந்திரமதி அடுத்த தவறைச் செய்தாள். கோபம் அவள் வாயைப் பிடித்துத் திறந்துவிட்டது. "நீங்க எத்தன பத்து வெள்ளி குடுத்தாலும் எடுக்க முடியாது! அம்மா கை இன்னும் என் இடுப்புலதான் இருக்கு, போய்ப் பாருங்க. முழுப் படமும் இன்னொரு நெகடிவ்ல இருக்கு. தவுக்கே கைய வைக்கல. சீட்டக் குடுங்க, நான் போய் வாங்கிக்கறேன்."

பொன்னுதுரை அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இன்னொண்ணு இருக்கா?" என்றான் நிதானமாக. "நல்லதாப் போச்சு. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டதும் போறேன். கையையும் எடுக்கச் சொல்லிட்டு, அந்தக் கண்ணாடிய வாங்கி அங்கயே போட்டு ஒடச்சிட்டு வர்றேன். அதோட இந்தப் பேச்ச விடுங்க."

அவன் மூலைக் கொடியில் கிடந்த பழைய சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரசீதுச் சீட்டு அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது; துணிக்குள் நீலமாகத் தெரிந்தது.

சந்திரமதி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "நான்தாம்மா ஒளறிட்டேன். சும்மா இருந்திருந்தா அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நீ எதுக்கு குட்டிக்கறே? ஒளறினது நீயா, அவனா?" ருக்மணி கீழே கிடந்த சட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் தேய்த்த துணியை அவள் கால் தொட்டு சந்திரமதி பார்த்ததில்லை. "அந்தத் தவுக்கே என்ன சொன்னான், மறுபடி சொல்லு."

"சீட்டுல பேரு இருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாராம்."

"எனக்குப் பேரு இல்ல, சரி. மூஞ்சி இருக்குல்ல? அந்தக் கண்ணாடியில இருக்கறது நான்தானேடி. என்னைய முன்னால நிக்க வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லுவானா அவன்?"

"சொன்னாலும் சொல்லுவாரும்மா. கடைக்கு ஒரு வழக்கம் இருக்குன்னு சொன்னாரு."

"சொல்லட்டும். சொல்றதுக்கும் நேர்ல பாக்கணும்ல." ஈரக் கரியின் புகையில் அவளுக்குக் கண் எரிந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "காலையில எத்தன மணிக்குத் தொறப்பான்?"

சந்திரமதி நோட்டை எடுத்தாள். அண்ணன் செய்தது சரியா தவறா என்று இரண்டு வரி எழுதத் தொடங்கிப் பேனாவை நிறுத்தினாள். எழுதினால் அவனுக்காகவும் ஏதாவது நியாயம் தேடத் தொடங்கிவிடுவோம் என்று தோன்றியது. அந்த வரிகளை விட்டுவிட்டு, மறுநாள் தேதியைப் போட்டு, வேலையை மட்டும் எழுதினாள்.

17 செப்டம்பர், செவ்வாய். புத்தகக் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி அனுப்ப வேண்டும். போட்டோ கடை எட்டரைக்குத் திறக்கும். எட்டு மணிக்கே அம்மாவோடு கடை வாசலில் நிற்க வேண்டும். எட்டு வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவை முன்னால் நிறுத்தி, கண்ணாடி நெகடிவைக் கேட்க வேண்டும்.